மண்டபத்து உப்புக் காற்றில் ஒரு ஷேவிங் பிளேடின் ஆயுள்

மதுரையில் வசித்தவரை ஷேவிங் பிளேடு என்பது நான் தனியாக யோசித்துப் பார்த்த பொருளே அன்று. மூன்று அலகுகள் கொண்ட கார்ட்ரிட்ஜ் ஒன்றை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவேன்; ஒன்றுவிட்டு ஒரு நாள் சவரம் என்ற கணக்கில் அது பதினைந்து சவரங்களுக்குக் குறையாமல் உழைக்கும். பணி மாறுதலில் இராமேசுவரம் போகும் வழியில் உள்ள மண்டபம் என்ற கடலோர ஊருக்கு வந்து, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு எடுத்த பிறகு, அதே நிறுவனத்தின் அதே கார்ட்ரிட்ஜ் இரண்டாவது வாரத்திலேயே தாடையோரம் முடியைப் பிடித்து இழுக்கத் தொடங்கியது. போலிச் சரக்கு கைக்கு வந்துவிட்டதோ என்று ஐயப்பட்டு, அடுத்ததை மதுரைக்குப் போயிருந்தபோது பழைய கடையிலேயே வாங்கி வந்தேன். அதுவும் ஏழாவது சவரத்தைத் தாண்டவில்லை. அதன் பிறகு கார்ட்ரிட்ஜைக் கைவிட்டு, இருபுறமும் வாய் உள்ள பிளேடைப் பொருத்தும் பழைய பாணி ரேசர் ஒன்றைப் பதினான்கு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அந்த ரேசரையும், அதில் போட்டுப் பார்த்த பிளேடுகளையும், இந்தக் கரையில் ஒரு பிளேடை எப்போது தூக்கி எறிய வேண்டும் என்பதையும் பற்றியதே இந்த மதிப்பீடு. குறை கண்ட பொருள்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு வீட்டுக் குளியலறையில் நேர்ந்ததை வைத்து ஒரு நிறுவனத்தின் மேல் பழி போடுவது முறையன்று. தவிரவும், குற்றத்தில் பெரும்பங்கு காற்றினுடையது.

இந்தக் காற்றைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர் பேச்சில் வடகடல், தென்கடல். வாடை வீசும் மாதங்களில் வடகடலும், கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடலும் கொந்தளிப்பதால், ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து உப்புத் துளி வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கிறது. காலையில் ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் பிசுபிசுக்கும்; தாழ்ப்பாளுக்கு மாதம் ஒருமுறை எண்ணெய் விடாவிட்டால் அது தன் இடத்திலேயே இறுகிவிடும். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், கடற்காற்றில் உலோகங்கள் எப்படி அரிபடுகின்றன என்பதை ஆராயத் தனக்கொரு நிலையத்தை மண்டபம் முகாமில் வைத்திருப்பது தற்செயலாக நடந்ததன்று. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு ஓயாமல் வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. பாலத்துக்கே இந்தப் பாடு என்னும்போது, பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு தகட்டைக் குளியலறை மாடத்தில் ஈரத்தோடு வைத்துவிட்டு மறுநாள் அது கூராக இருக்கும் என்று நான் எதிர்பார்த்தது என் அறியாமை.

பிளேடும் எவர்சில்வர்தானே, அது எப்படித் துருப்பிடிக்கும் என்று பக்கத்து வீட்டு அண்ணன் ஒருமுறை கேட்டார். நியாயமான கேள்விதான். நல்ல பாத்திரங்களுக்குப் பயன்படும் 304 வகை எஃகில் குரோமியம் ஏறத்தாழ 18 விழுக்காடும் நிக்கல் 8 விழுக்காடும் இருக்கும். கரி (கார்பன்) மிகவும் சொற்பம். பிளேடுக்கு ஆகும் எஃகில் குரோமியம் சுமார் 13 விழுக்காடுதான். கூர்மை நிற்க வேண்டுமானால் எஃகு கடினமாக வேண்டும் என்பதால், அதில் கரியை 0.6 அல்லது 0.7 விழுக்காடு வரை சேர்க்கிறார்கள். அந்தக் கரி குரோமியத்தில் ஒரு பங்கைத் தன்னோடு பிணைத்துக்கொள்வதால், துருவைத் தடுக்கும் மெல்லிய படலத்தை உண்டாக்க மிஞ்சும் குரோமியம் இன்னும் குறைந்துவிடுகிறது. உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஊசியால் குத்தியதுபோல் ஆங்காங்கே துளைக்கிறது. இத்துளை பிளேடின் நடுவில் விழுந்தால் நட்டம் ஒன்றுமில்லை. வாயின் விளிம்பில் விழுந்தால், கண்ணுக்குத் துருவே தெரியாத நிலையிலும் கன்னத்துக்குத் தெரிந்துவிடும்.

பிளேடு முடியை வெட்டுவதாலும் தேயத்தான் செய்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதில் எனக்கொரு புதிய செய்தியைச் சொன்னது. எஃகு முடியைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு கடினமானது. ஆயினும் முடி பிளேடுக்கு நேர்நிற்காமல் வளைந்து சாயும்போது, எஃகின் உள்ளமைப்பு ஒரே சீராக இல்லாத இடங்களில் விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயர்கிறது என்று மின்னணு நுண்ணோக்கியின் கீழ் முடியை வெட்டிப் பார்த்துக் கண்டறிந்தார்கள். கல்லில் தேய்ந்த கத்தியைப்போல் பிளேடும் மெல்ல மெல்லத் தேய்ந்து மழுங்குகிறது என்றே அதுவரை எண்ணியிருந்தேன். மதுரையில் என் கார்ட்ரிட்ஜ் இந்த வழியில் செத்தது. மண்டபத்தில் அதற்கு முன்பே உப்பு முந்திக்கொண்டது.

கார்ட்ரிட்ஜ் இங்கே தோற்பதற்குக் காரணம் அதன் கூர்மைக் குறைவன்று, அதன் அமைப்பு. மூன்று அலகுகளும் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்க, அவற்றின் இடுக்கில் சோப்பும் முடித்துகளும் தங்கிவிடுகின்றன. எவ்வளவு உதறினாலும் ஒரு துளி உப்புத் தண்ணீர் உள்ளேயே நிற்கிறது. அதைத் திறக்க முடியாது, துடைக்க முடியாது, எண்ணெயும் தடவ முடியாது. மேலே ஒட்டியிருக்கும் வழவழப்புப் பட்டையின் நிறம் வெளுத்தால் மாற்றுங்கள் என்று சொல்லப்படுவதும் இங்கே ஒத்துவரவில்லை. காற்றின் ஈரத்திலேயே அந்தப் பட்டை ஊறிக் கொழகொழத்து, ஒரு வாரத்தில் வெளுத்துவிட்டது. அப்போது அலகுகள் நன்றாக இருந்தன. அலகுகள் கெட்டபோது பட்டை கழன்றே போயிருந்தது.

இப்போது என்னிடம் இருக்கும் ரேசர், இராமநாதபுரத்தில் அரண்மனைக்கு அருகில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் ஐந்நூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வாங்கியது. பித்தளையில் வார்த்துக் குரோமியம் பூசியது. கைப்பிடி, அடித்தட்டு, மேல்மூடி என மூன்று துண்டுகளாகக் கழன்றுவிடும். இதற்கு முன் கொஞ்ச நாள் வைத்திருந்த, அடியைத் திருகினால் மேலே இரண்டு கதவுகள் திறக்கும் வகை பார்வைக்கு அழகாக இருந்தது; ஆனால் அதன் உள்தண்டில் சோப்புக் கசடும் உப்பும் சேர்ந்து ஐந்தாறு வாரத்தில் கதவு பாதியில் நின்றுவிட்டது. மூன்று துண்டு ரேசரில் நிற்பதற்கு இடுக்கே கிடையாது. சவரம் முடிந்ததும் கழற்றி, மூன்றையும் தனித்தனியே கழுவிக் கவிழ்த்து வைத்துவிடலாம். இந்தக் கரையில் ரேசர் வாங்குவோர் விலையையும் எடையையும் பார்ப்பதற்கு முன், அது முழுதாகக் கழலுமா என்று பார்ப்பது நல்லது.

குறைகளும் உண்டு. பழகும்வரை முகவாயில் கீறல் விழும். எனக்கு முதல் வாரத்தில் மூன்று இடத்தில் விழுந்தது. கார்ட்ரிட்ஜை அழுத்திப் பழகிய கை, ரேசரின் எடையே போதும் என்பதை ஏற்றுக்கொள்ள நாள் எடுத்தது. தோலுக்கும் பிளேடுக்கும் இடையே ஏறத்தாழ முப்பது பாகைச் சாய்வு வேண்டும் என்பதை வாயால் சொல்லிவிடலாம். கைக்குப் புரிவது ஐந்தாறு சவரத்துக்குப் பிறகுதான். எட்டு மாதத்தில் கைப்பிடியின் மரையில் குரோமியம் விட்டுப்போய்ப் பித்தளை வெளியே தெரிந்து பச்சைக் களிம்பு ஏறியது. அம்மா குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியைக் கரைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்ததில் களிம்பு போய்விட்டது. அதன் பிறகு மாதம் ஒருமுறை மரைக்கு ஒரு சொட்டு எண்ணெய் வைக்கிறேன். விமானத்தில் போகிறவர்களுக்கு இன்னொரு சங்கடம்: இந்தப் பிளேடுகளைக் கைப்பையில் எடுத்துச் செல்ல விடமாட்டார்கள்.

பிளேடுகளுக்கு வருகிறேன். உள்ளூர்ப் பெட்டிக்கடையில் கிடைத்த மூன்று வகைகளை வாங்கினேன். எதுவும் ஒன்று ஐந்து ரூபாய்க்கு மேல் போகவில்லை. ஒன்று முதல் சவரத்தில் முரடாக இருந்து, இரண்டாவதில் படிந்து, ஏழாவது வரை நின்றது. இன்னொன்று முதலில் வெண்ணெய்போல் ஓடி, நான்காவதில் திடீரென்று மக்கர் செய்தது. மூன்றாவது வகையில் உறையைப் பிரித்தபோதே பிளேடின் நடுப்பிளவைச் சுற்றிப் பழுப்புக் கறை இருந்தது. உள்ளே சுற்றியிருந்த மெழுகுத் தாளிலும் அந்தக் கறையின் நிழல் விழுந்திருந்தது. கடைக்காரர் அந்த அட்டையைத் தெருவைப் பார்த்த கம்பியில் எத்தனை மாதம் தொங்கவிட்டிருந்தாரோ தெரியாது. இப்போதெல்லாம் தொங்கும் அட்டையிலிருந்து வாங்குவதில்லை. உள்ளே பெட்டியில் இருப்பதைக் கேட்டு வாங்குகிறேன். மொத்தமாக நூறு பிளேடு வாங்கினால் விலை குறையும் என்று ஒரு நண்பர் சொன்னார். இந்த ஊரில் நூறு பிளேடைக் கெடாமல் வைத்துக் காப்பாற்றுவது தனி வேலை.

எப்போது மாற்றுவது என்பதற்கு நாள் கணக்கு உதவாது. ஒரு வாரம், பத்து நாள் என்று சொல்பவர் எந்த ஊரில், எந்தத் தாடியை, எந்தத் தண்ணீரில் மழிக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. நான் நம்புவது சில அறிகுறிகளை. முதலாவது ஓசை: நல்ல பிளேடு முடியை வெட்டும்போது மெல்லிய சரசரப்பு சீராகக் கேட்கும், மழுங்கத் தொடங்கியதும் அந்த ஓசை விட்டுவிட்டு வரும். இரண்டாவது, ஒரே இடத்தில் இழுப்புகளின் எண்ணிக்கை. மேலுதட்டுக்கும் மூக்குக்கும் இடைப்பட்ட பகுதிக்கு எனக்கு நான்கு இழுப்பு போதும். அது ஆறாகும் நாளன்று, அடுத்த சவரத்துக்குப் புதுப் பிளேடு என்று முடிவு செய்துவிடுகிறேன். மூன்றாவது, கை தானாக அழுத்தத் தொடங்குவது. இதை நாமே கவனிப்பது கடினம். ஆனால் சவரம் முடிந்து குளிர்ந்த தண்ணீர் பட்டதும் கழுத்து காந்தினால், அழுத்தியிருக்கிறோம் என்று பொருள். முடி வெட்டுப்படாமல் பிடித்து இழுபடும் வலி கடைசி அறிகுறி. அதுவரை காத்திருப்பது தோலுக்குச் செய்யும் கெடுதல். மழுங்கிய பிளேடால் மழித்த இரண்டாம் நாள் கழுத்தில் சிவந்த பருக்கள் எழும்புவதைப் பலர் சோப்பின் மேல் பழி போட்டுச் சோப்பை மாற்றுகிறார்கள். நானும் மாற்றியிருக்கிறேன்.

ஐயமாக இருந்தால் பஞ்சை வைத்துப் பார்க்கலாம். உலர்ந்த பிளேடின் வாயைச் சிறிதளவு பஞ்சின் மேல் அழுத்தாமல் ஒருமுறை ஓட்டினால், நல்ல வாய் வழுக்கிச் செல்லும். சில்லுப் பெயர்ந்த வாய் பஞ்சிழையைக் கவ்விக்கொண்டு வரும். விரலால் தடவிப் பார்ப்பதைத் தவிர்க்கவும். கண்ணுக்குத் துருப்புள்ளி தெரிந்துவிட்டால் சோதனையே வேண்டாம், தூக்கிப் போட்டுவிடலாம். துருவே டெட்டனஸைத் தரும் என்பது பரவலான எண்ணம். அந்நோய்க்குக் காரணம் மண்ணிலும் புழுதியிலும் இருக்கும் நுண்ணுயிரி. துருவேறிய வாய் தோலைப் பிய்த்து அதற்கு வழி திறந்துவிடுகிறது என்பதே அதைத் தவிர்க்கப் போதுமான காரணம்.

உப்பா, தாடியா என்ற வழக்கைத் தீர்க்க ஒருமுறை சிறு சோதனை செய்தேன். ஒரே உறையிலிருந்து இரண்டு பிளேடுகளை எடுத்து, ஒவ்வொன்றாலும் இரண்டு முறை சவரம் செய்தேன். ஒன்றை ரேசரிலேயே விட்டு, வழக்கம்போல் குளியலறை மாடத்தில் வைத்தேன். மற்றதைக் குடிதண்ணீரில் அலசி, உதறி, தேங்காய் எண்ணெயில் தொட்டு, மூடியுள்ள சிறு டப்பாவில் போட்டுப் படுக்கையறை அலமாரியில் வைத்தேன். பிறகு நான்கு நாள் மதுரைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து நண்பரிடம் இரவல் வாங்கிய நகைக்கடை லென்ஸில் பார்த்தபோது, மாடத்தில் இருந்த பிளேடின் வாயோரம், ரேசரின் தட்டு அதை அழுத்திப் பிடித்திருந்த கோட்டை ஒட்டி, மிளகாய்த் தூள் தூவியதுபோல் செம்புள்ளிகள் வரிசையாக இருந்தன. இரண்டு புள்ளிகளுக்கு நேரே விளிம்பு எறும்பு கடித்த இலைபோல் உள்வாங்கியிருந்தது. அலமாரியில் இருந்தது போட்டபடியே பளபளத்தது; அதைக் கொண்டு மேலும் ஐந்து சவரம் செய்தேன். ஒரே ஒரு சோடியை வைத்துச் செய்த சோதனைதான் இது. ஆனால் அதன் பிறகு பிளேடை ரேசரில் விட்டுவைத்ததில்லை.

ஆகவே இப்போது சவரம் முடிந்ததும் பிளேடை வெளியே எடுக்கிறேன். கழற்றும்போதும் மாட்டும்போதும் பிளேடின் குட்டையான இரு பக்கங்களைத்தான் பிடிக்க வேண்டும். வாயோரத்தில் விரல் போகவே கூடாது. துண்டால் துடைப்பதில்லை, துடைத்தால் துண்டும் கிழியும், வாயும் மடங்கும். இரண்டு உதறல், பிறகு தாளின் மேல் இரு புறமும் ஒற்றி எடுத்தல், பிறகு எண்ணெய். தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையும் என்றாலும் இந்த ஊர் வெயிலில் அந்தக் கவலை மார்கழி விடியலில்கூட அபூர்வம். டப்பாவில் ஒரு பிடி வறுத்த அரிசி போட்டு வைத்திருக்கிறேன், உப்புச் சாடியில் போடுவதுபோல். அடுத்த சவரத்துக்கு முன் பிளேடைச் சோப்புத் தண்ணீரில் ஒருமுறை அலசினால் எண்ணெய் போய்விடும். அலச மறந்த நாளில் நுரை அடங்கிவிடுவதோடு கைப்பிடியும் வழுக்கும்.

தண்ணீர் இரண்டு வகையில் முக்கியம். எங்கள் வீட்டுப் போர் தண்ணீர் சவர். அதில் சோப்பு நுரைக்காது. நுரைக்குப் பதில் வெள்ளைத் திரைதான் மிதக்கும், அந்தத் திரையே பிளேடிலும் படியும். காவிரிக் கூட்டுக் குடிநீரைச் சவரத்துக்கு எடுப்பதா என்று வீட்டில் கேள்வி எழுந்தது. நுரை குழைக்கவும் கடைசியாகப் பிளேடை அலசவும் ஒரு டம்ளர் போதும் என்று உடன்பாடு ஏற்பட்டது. இரண்டாவது, முடியை ஊறவைப்பது. உலர்ந்த முடி முரண்டு பிடிக்கும்; வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் அதை வெட்டத் தேவைப்படும் விசை கணிசமாகக் குறைகிறது. குளித்த பிறகு சவரம் செய்வது நம் வழக்கத்துக்கு முரணானது. பெரியவர்கள் சவரம் செய்த பிறகே குளிக்கச் சொல்வார்கள். அந்த முறையை மாற்ற விரும்பாதவர்கள் நனைத்த துண்டை முகத்தில் சற்று நேரம் போட்டுக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

படிகாரக் கல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: படிகாரக் கரைசல் புளிப்புத் தன்மை உடையது. கன்னத்தில் தேய்த்த கையோடு பிளேடைத் தொட்டுக் கழற்றினால், தொட்ட இடத்தில் மறுநாளே கறை விழும். முதலில் பிளேடை ஒழுங்கு செய்துவிட்டுப் பிறகு படிகாரத்துக்குப் போகவும். கண்ணாடி டம்ளரின் உட்புறத்தில் பிளேடைத் தேய்த்துக் கூராக்கும் பழைய வித்தையையும் முயன்றேன். தாத்தா காலத்துக் கரி எஃகுப் பிளேடுக்கு அது பயன்பட்டிருக்கலாம். இன்றைய பிளேடுகளின் வாயில் டெஃப்லான் போன்ற மெல்லிய பூச்சு உண்டு. தேய்த்த பிளேடு எனக்குக் கூடுதலாக ஒரு சவரத்தைக்கூடத் தரவில்லை.

இத்தனை பக்குவம் வேண்டாம் என்பவர்கள் ஒற்றை அலகு கார்ட்ரிட்ஜைப் பார்க்கலாம். ஜில்லெட் நிறுவனம் 2010-இல் இந்தியச் சந்தைக்கென்றே, குழாய்த் தண்ணீர் ஓடாத வீட்டில் குவளைத் தண்ணீரில் முக்கிச் சவரம் செய்பவர்களை எண்ணி, கார்ட்ரிட்ஜ் ஐந்து ரூபாய் என்ற விலையில் கார்டு (Guard) என்ற ரேசரைக் கொண்டு வந்தது. அதன் பின்புறம் திறந்தே இருப்பதால் ஒரு முக்கிலேயே கசடு வெளியேறிவிடுகிறது. உதறினால் உலர்ந்தும் விடுகிறது. தம்பி ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து விட்டுச் சென்றதை நான் போட்டுப் பார்த்தேன். மூன்று அலகு கார்ட்ரிட்ஜைவிட இந்தக் காற்றை அது நன்றாகத் தாங்கியது. மழிப்பு அவ்வளவு நெருக்கமாக இல்லை என்பது மட்டுமே குறை.

தெருமுனை சலூனில் முடி வெட்டப் போனபோது இதையெல்லாம் சொன்னேன். கடைக்காரர் சிரித்தார். “முடி வெட்டித் தேயுற பிளேடை விட ஈரத்துல கிடந்து கெடுற பிளேடுதான் தம்பி இங்க அதிகம். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல” என்றபடி, உறை பிரிக்காமலே பிளேடை நடுவில் மடக்கி ஒடித்து, பாதியைச் சவரக்கத்தியில் செருகினார். ஓர் ஆளுக்கு அரைப் பிளேடு. முடிந்ததும் அது குப்பைக்கு. மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி. போன்றவை இரத்தத்தின் வழியே தொற்றாமலிருக்க வந்த வழக்கம் இது. உங்கள் கண்முன் உறை ஒடிபடாத கடையில் உட்கார வேண்டாம்.

பதினான்கு மாதத்தில் எட்டு உறைகள், அதாவது நாற்பது பிளேடுகள் ஆயின; பக்குவம் தெரியாத முதல் சில வாரங்களில் பிளேடு மூன்று சவரத்துக்கு மேல் நிற்கவில்லை, இப்போது ஆறோ ஏழோ வருகிறது. மொத்தச் செலவு இருநூறு ரூபாயைத் தொடவில்லை. கார்ட்ரிட்ஜாக இருந்தால், ஒன்று ஏறத்தாழ நூறு ரூபாய் என்ற விலையில், பத்து மடங்குக்கு மேல் ஆகியிருக்கும். ரேசருக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். குறைத்த ஒன்று, விட்டுப்போன குரோமியப் பூச்சுக்காக. பழைய பிளேடுகளைக் குப்பைத் தொட்டியில் அப்படியே போடாதீர்கள், தரம் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரல் அதில் மாட்டும். ஒரு பால்பவுடர் டின்னின் மூடியில் பிளேடு நுழையும் அளவுக்குக் கீறல் போட்டு, மூடியைச் சுற்றிலும் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். நாற்பது பிளேடுகளும் அதன் அடியைக்கூட மூடவில்லை. குலுக்கினால் சத்தம் மட்டும் வருகிறது.